மேசைமேல் அணுக்கரு இணைவு: வகுப்பிலும் வாசலிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கதிர்ப்பு அலகைத் தொடங்கினால் போதும், அணுக்கரு இணைவு பற்றிய கேள்விகள் வரிசையாக வரும். 2022 டிசம்பரில் லேசரால் இணைவு நடத்திய அமெரிக்கப் பரிசோதனையின் செய்தி வந்த பிறகு, பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய் தகப்பனும் வாசலில் நின்று கேட்கிறார்கள். பல வருடங்களாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

சேர், இணைவு எண்டா அணுகுண்டு மாதிரித்தானே?

இல்லை. யுரேனியம் போன்ற பாரமான கருவை உடைப்பது பிளவு. ஐதரசன் போன்ற இலேசான கருக்களை ஒன்றாக்குவது இணைவு. அணு உலைகளில் நடப்பதும் ஹிரோஷிமாவில் விழுந்த குண்டில் நடந்ததும் பிளவு. அதில் ஒரு நியூத்திரன் ஒரு கருவை உடைக்க, அதிலிருந்து இரண்டு மூன்று நியூத்திரன்கள் கிளம்பி அடுத்த கருக்களை உடைக்க, சங்கிலி போல் ஓடும். இணைவில் அந்தச் சங்கிலி கிடையாது. ஒவ்வொரு சோடிக் கருவையும் நாமே மோதவிட வேண்டும். ஐதரசன் குண்டில் இணைவு இருக்கிறது, ஆனால் அதை மூட்டவே ஒரு பிளவுக் குண்டு தேவைப்படுகிறது. மேசைமேல் வைத்து இணைவு நடத்தும் சிறு கருவியில் ஆளியை அணைத்தால் அந்தக் கணமே எல்லாம் நின்றுவிடும்.

மேசைக் கருவிகளின் எரிபொருள் தியூத்தீரியம், அதாவது கருவில் புரோத்தனோடு ஒரு நியூத்திரனும் சேர்ந்திருக்கும் ஐதரசன். இரண்டு தியூத்தீரியக் கருக்கள் இணையும்போது ஏறத்தாழப் பாதித் தடவை ஈலியம்-3 உம் ஒரு நியூத்திரனும் வரும். மற்றப் பாதித் தடவை திரித்தியமும் (கருவில் இரண்டு நியூத்திரன் உள்ள ஐதரசன்) ஒரு புரோத்தனும் வரும். இந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு கேள்விகளுக்கு வேண்டும்.

சூரியனுக்குள்ள கோடிக்கணக்கான பாகை எண்டு படிச்சோமே, அதை மேசைக்கு மேல எப்படிக் கொண்டு வாறது?

வெப்பநிலை என்று நாம் சொல்வது துணிக்கைகள் ஓடித் திரியும் வேகத்தைத்தான். அந்த வேகத்தை அடுப்பில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, மின்னாலும் கொடுக்கலாம். ஒரு வோல்ற்று அழுத்தத்தில் இழுபடும் அயன், அதாவது மின்னேற்றம் கொண்ட அணு, பெறும் சக்தி ஏறத்தாழ 11,600 பாகைக்குச் சமம். அப்படியானால் 30,000 வோல்ற்றுக்கு? பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 35 கோடி பாகை வரும். சூரியனின் மையமே 1.5 கோடி பாகைதான். நம் வீடுகளில் இருந்த பழைய பெட்டித் தொலைக்காட்சியின் படக்குழாயில்கூட 25,000 வோல்ற்று வரை இருந்தது.

ஆகவே வேகம் கொடுப்பது பெரிய காரியமில்லை. 1934இலேயே கேம்பிரிட்ஜில் ஒலிபான்ற், ஹார்ட்டெக், றதர்போர்ட் மூவரும் தியூத்தீரியத்தைத் தியூத்தீரியத்தின்மேல் ஏவி இணைவைச் செய்து காட்டிவிட்டார்கள். வேகமாக ஓடும் கருக்களை நெருக்கமாக, போதிய நேரம் கலையாமல் கட்டி வைப்பதுதான் கஷ்டம். சூரியன் தன் பாரத்தாலேயே கட்டி வைத்திருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

யூரியூப்பில காட்டுற அந்த உருண்டைக் கருவி எப்படி வேலை செய்யுது?

அதற்கு ஃபியூசர் என்று பெயர். 1927இல் முதல் மின்னணுத் தொலைக்காட்சிப் படத்தைக் காட்டிய ஃபைலோ ஃபார்ன்ஸ்வர்த் 1960களில் உருவாக்கியது. அவரோடு வேலை செய்த ராபர்ட் ஹிர்ஷ் 1967இல் முடிவுகளை வெளியிட்டார். தியூத்தீரியமும் திரித்தியமும் கலந்து ஓட்டியபோது செக்கனுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட நியூத்திரன்கள் வந்ததாக அதில் காட்டியிருந்தார்.

துருப்பிடிக்காத உருக்கில் செய்த ஒரு கலம். நடுவில் தேசிக்காய் அளவு கம்பிக்கூண்டு, கூண்டென்றால் மூன்று நான்கு வளையங்கள்தான், உள்ளே முழுக்க வெளி. கலத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வளிமண்டல அழுத்தத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தியூத்தீரியம் விடுவார்கள். கூண்டுக்கு மறை 30,000 வோல்ற்று கொடுத்தால் வாயு அயனாகி, நேரேற்றமுள்ள அயன்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் கூண்டை நோக்கிப் பாயும். பெரும்பாலானவை கம்பியில் படாமல் இடைவெளிகளால் உள்ளே போய், நடுவைக் கடந்து, அந்தப் பக்கம் ஏறி, வேகம் குறைந்து, திரும்பவும் விழும். இப்படிப் போய் வரும்போது எங்கோ ஒரு சோடி, அல்லது ஒரு வேகமான அயனும் சும்மா நிற்கும் ஒரு வாயு மூலக்கூறும், நேருக்கு நேர் மோதி இணையும்.

இதில் பாதியை எங்கள் வகுப்பிலேயே பார்க்கலாம். குளிரூட்டி திருத்துபவரிடம் இரவல் வாங்கிய வெற்றிடப் பம்பி, தடித்த கண்ணாடிச் சாடி, பள்ளி ஆய்வுகூடத்து உயர் வோல்ற்றளவு வழங்கி, இவ்வளவும் போதும். பம்பியைப் போட்டதும் முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடம் போனால் இரண்டு மின்வாய்களுக்கு இடையில் நூல் மாதிரி ஊதா ஒளி நெளியும். இன்னும் காற்றுக் குறையக் குறைய அந்த நூல் தடித்து, புகை போலப் பரந்து, சாடி முழுக்க இளஞ்சிவப்பாக நிறையும். அதுதான் பிளாஸ்மா, அதாவது அயனாகிப்போன வாயு. அதில் இணைவு எதுவும் நடக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பது வெறும் காற்று, கொடுப்பதும் சில ஆயிரம் வோல்ற்றுத்தான். என்றாலும் விளக்கை அணைத்துவிட்டு அதைப் பார்த்த பிள்ளை பிளாஸ்மா என்ற சொல்லைப் பிறகு மறப்பதில்லை.

அப்ப வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாம்தானே? பில் மிச்சம்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாகச் செய்த ஒரு ஃபியூசர் 30,000 வோல்ற்றில் 10 மில்லி அம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். அது 300 வாற்று. செக்கனுக்கு ஓர் இலட்சம் நியூத்திரன் வருகிறது என்றும் வையுங்கள். மேலே சொன்ன பாதிக்குப் பாதிக் கணக்கின்படி அது இரண்டு இலட்சம் இணைவுகள். ஓர் இணைவுக்குச் சராசரியாக 3.65 மில்லியன் இலத்திரன்வோல்ற்று (அணு அளவில் சக்தியை அளக்கும் அலகு). பெருக்கினால் வருவது ஒரு மைக்ரோவாற்றில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. நாம் கொடுப்பது வருவதைவிட ஏறத்தாழ 250 கோடி மடங்கு அதிகம்.

கருவியைப் பெரிதாக்கினால் சரிவருமா என்று அடுத்ததாகக் கேட்பார்கள். வராது. நேராக மோதி இணையும் வாய்ப்பைவிட உரசிக்கொண்டு விலகிப் போகும் வாய்ப்பு மிகமிகப் பெரியது. ஒவ்வொரு விலகலிலும் சக்தி சிதறும். கம்பியில் மோதும் அயன்கள் அதைச் செஞ்சூடாக்கும், மிச்சம் எக்ஸ் கதிராகப் போகும். 1995இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் டொட் றைடர் என்ற ஆய்வு மாணவர், இந்த வகைக் கருவிகள் பொதுவாகவே ஏன் இலாபத்துக்கு வராது என்று தன் ஆய்வேட்டில் காட்டினார். அந்த வாதத்தைத் தாண்டும் வழியை இதுவரை யாரும் செய்து காட்டவில்லை.

பிறகு எதுக்கு அதைச் செய்யிறாங்க?

நியூத்திரனுக்காக. சிறிய நியூத்திரன் மூலங்களுக்கு உலகத்தில் நல்ல தேவை இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கிப் பாறையில் என்ன இருக்கிறது என்று பார்க்க, தியூத்தீரியத்தைத் திரித்தியத்தின்மேல் ஏவும் கைத்தடி அளவுக் குழாய்களைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் இணைவுதான், யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

இன்னொரு காரணம் படிப்பு. வெற்றிடம், உயர் வோல்ற்றளவு, பிளாஸ்மா, கதிர்வீச்சு அளவீடு, நான்கும் ஒரே மேசையில் கிடைக்கிறது. நான் இந்தக் கருவிகளை விரும்புவதற்கு இதுதான் காரணம்.

நம்மட வாவித் தண்ணிக்குள்ளயே எரிபொருள் இருக்காமே?

இருக்கிறது. தண்ணீரில் உள்ள ஐதரசன் அணுக்களில் ஏறத்தாழ 6,400க்கு ஒன்று தியூத்தீரியம். ஒரு கன மீற்றர் தண்ணீரில் 33 கிராம் அளவு வரும். உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வாவியானாலும் கிணறானாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மட்டக்களப்பு வாவிக்கு மேலுள்ள கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை எரிபொருள் என்று சொல்வது பொய்யில்லை. பிரித்தெடுப்பதுதான் வேலை. மின்பகுக்கும்போது சாதாரண ஐதரசன் முந்திக்கொண்டு போகும், தியூத்தீரியம் உள்ள பாரத் தண்ணீர் பின்தங்கி நிற்கும். நோர்வேயின் வேமோர்க்கில் நீர்மின்சாரத்தை வைத்து 1930களில் அப்படித்தான் பிரித்தார்கள். ஃபியூசருக்கு வேண்டிய அளவோ மிகச் சொற்பம். சிறு போத்தல் பாரத் தண்ணீரே நெடுங்காலம் போதும்.

ஃபியூசர் தவிர வேற சின்ன வழி இருக்கா சேர்?

இருக்கிறது. 2005இல் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் லிதியம் தந்தாலேற்றுப் பளிங்கு ஒன்றைக் குளிர வைத்து, மெல்லச் சூடாக்கி, அதில் தானாக எழும் மின்னழுத்தத்தாலேயே தியூத்தீரிய அயன்களை ஏவினார்கள். செக்கனுக்கு ஏறத்தாழ ஆயிரம் நியூத்திரன். கைக்குள் அடங்கும் பளிங்கு அது! மியூவன் என்ற துணிக்கையை வைத்துக் குளிரிலேயே இணைக்கும் வழியும் உண்மையானது. ஆனால் மியூவன் 2.2 மைக்ரோசெக்கன்தான் உயிர் வாழும். அதற்குள் அது நூற்றைம்பது இணைவு வரை நடத்தினாலும், அதை உண்டாக்கச் செலவான சக்தி திரும்பி வராது.

நம் நாட்டுக்கு ஏற்றது என்று நான் நினைப்பது பிளாஸ்மா குவியக் கருவி. 1980களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சிங் லீ, வளரும் நாட்டு ஆய்வாளர்களைக் கூப்பிட்டு, தாங்களே கட்டித் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய கருவி ஒன்றை வடிவமைத்தார். 30 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று, 15,000 வோல்ற்று. உயர்தர மாணவர்கள் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், 3,375 யூல் வரும். அந்தச் சக்தி ஒரு கோப்பைத் தேநீரை நான்கு பாகை சூடாக்கும், அவ்வளவுதான். ஆனால் அது சில மைக்ரோசெக்கனில் பாயும்போது ஓட்டம் ஓர் இலட்சம் அம்பியரைத் தாண்டும். அந்த ஓட்டத்தின் காந்தப்புலமே பிளாஸ்மாவை ஊசி மாதிரி நெரிக்கும். தியூத்தீரியம் நிரப்பினால் ஒரே வெடிப்பில் கோடிக்கணக்கான நியூத்திரன்கள். எந்த நாட்டிலும் ஒரு பல்கலைக்கழக அறைக்குள் நல்ல ஆய்வு நடத்தலாம் என்று அந்தக் கருவி காட்டியது.

1989இல குளிர் இணைவு கண்டுபிடிச்சாங்களாமே, எண்ணெய்க் கம்பனிகள் அமுக்கிட்டாங்களா?

1989 மார்ச் 23 அன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மன், பொன்ஸ் இருவரும் செய்தியாளர்களைக் கூப்பிட்டு, பாரத் தண்ணீரில் பல்லேடியம் என்ற உலோகத்தாலான மின்வாய் வைத்து இணைவு வெப்பம் எடுத்ததாக அறிவித்தார்கள். சில வாரங்களுக்குள் உலகமெங்கும் ஆய்வுகூடங்கள் செய்து பார்த்தன. நம்பகமாகத் திரும்பச் செய்ய முடியவில்லை. யாரும் அமுக்கவில்லை. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் அத்தனை பேரும் இரவு பகலாகச் செய்தார்கள்.

பாதிக்குப் பாதிக் கணக்கை இங்கே எடுங்கள். தியூத்தீரிய இணைவால் ஒரே ஒரு வாற்று வெப்பம் வந்தாலும், கூடவே செக்கனுக்கு ஏறத்தாழ 85,000 கோடி நியூத்திரன் கிளம்ப வேண்டும். கவசம் இல்லாமல் பக்கத்தில் நின்றவர் உயிர் தப்ப மாட்டார். அவர்கள் நலமாகவே இருந்தார்கள். வெப்பம் அளப்பதில் பிழை வருவது எளிது, நியூத்திரனை ஒளிக்க முடியாது. அவர்கள் கெட்ட மனிதர்கள் என்று நான் படிப்பிப்பதில்லை. மற்றவர்கள் செய்து பார்க்குமுன் ஊருக்குச் சொன்னதுதான் பிழை.

சரி, நியூத்திரன் வந்துச்சு எண்டு ஒராள் சொன்னா எப்படி நம்புறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒருமுறை மேலே சொன்ன சாடிப் பரிசோதனையின்போது பக்கத்தில் கதிர்வீச்சை எண்ணும் கைகர் எண்ணி ஒன்றையும் வைத்திருந்தோம். ஒளி நிறைந்ததும் எண்ணி படபடவென்று அடிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சாடிக்குள் இருந்தது வெறும் காற்று! மின்பொறி கிளப்பிய இரைச்சல் கம்பி வழியே எண்ணிக்குள் புகுந்திருந்தது. எண்ணியை ஒரு தகரப் பேணிக்குள் வைத்து, கம்பியை மாற்றியதும் சத்தம் நின்றது. அன்றைக்குப் பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, எண்ணி அடித்தால் அதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று பட்டியல் போட்டோம்.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1958 ஜனவரியில் பிரித்தானியாவின் ஸீற்றா கருவியில் வெப்ப இணைவு நடந்ததாக அறிவித்தார்கள், மே மாதத்தில் திருத்திக்கொண்டார்கள். நியூத்திரன்கள் உண்மைதான். ஆனால் சூடான பிளாஸ்மாவிலிருந்து வரவில்லை, குழம்பிய மின்புலத்தில் வேகமடைந்த சில அயன்கள் மோதியதால் வந்தவை.

நல்ல சோதனை இரண்டு உண்டு. ஒன்று, எதையும் மாற்றாமல் தியூத்தீரியத்துக்குப் பதிலாகச் சாதாரண ஐதரசனை விடுங்கள். அதே வோல்ற்று, அதே ஓட்டம். எண்ணிக்கை பின்னணி அளவுக்கு விழ வேண்டும், விழாவிட்டால் நீங்கள் எண்ணியது நியூத்திரன் இல்லை. மற்றது வெள்ளி. நன்றாக ஓடும் கருவிக்குப் பக்கத்தில் தடித்த மெழுகுக் கட்டிக்குள் வெள்ளித் தகடு ஒன்றை வைத்தால், மெழுகிலுள்ள ஐதரசன் நியூத்திரனை மெதுவாக்கும், வெள்ளி அதை விழுங்கிக் கதிர்த்தொழிற்பாடு பெறும். கருவியை முழுதாக அணைத்துவிட்டு, தகட்டை எடுத்து எண்ணியில் வையுங்கள். அடிப்பு சுமார் 25 செக்கனில் பாதியாகும் ஒரு பகுதியாகவும், 2.4 நிமிடத்தில் பாதியாகும் இன்னொரு பகுதியாகவும் குறைந்துகொண்டு போகும். மின் இரைச்சலுக்கு அரைவாழ்வுக்காலம் கிடையாது.

அமெரிக்காவில 14 வயசுப் பொடியன் செஞ்சிருக்கான். நம்மட புள்ளைகளுக்கு ஏலாதா?

ஏலும். டெய்லர் வில்சன் 2008இல் 14 வயதில் செய்தார். அவருக்குப் பிறகு இன்னும் இளைய பிள்ளைகளும் செய்திருக்கிறார்கள். மூளை விஷயத்தில் நம் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் அவருக்கு நெவாடாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடமும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பௌதிகவியலாளர்களும் இருந்தார்கள். செய்தியில் அது ஒரு வரியோடு போய்விடும். நமக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. கருவி கட்ட ஆசைப்படும் பிள்ளை அங்கே ஒரு விரிவுரையாளரின் கதவைத் தட்டட்டும். வீட்டுக் கொட்டிலில் தனியாகத் தொடங்கக் கூடாது.

தம்பி, இதால புள்ளைக்கு ஏதும் வருத்தம் வந்திராதா?

ஒரு தாய் கேட்டது. அக்கா, முதல் ஆபத்து கதிர்வீச்சு இல்லை, மின்சாரம். 30,000 வோல்ற்றும் 10 மில்லி அம்பியரும் ஆளைக் கொல்லும். மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து மின்மாற்றியைக் கழற்றி விளையாடுவது அதைவிட மோசம். அதைத் தொட்டு உயிர் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். உங்கள் மகன் பழைய மைக்ரோவேவைப் பிரிப்பதைக் கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இரண்டாவது எக்ஸ் கதிர். உருக்குச் சுவர் பெரும்பாலும் தடுக்கும், பார்க்க வைத்த கண்ணாடித் துவாரத்தால் வெளியே வரும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கண்ணை வைக்காமல் கமராவை வைத்துப் பார்க்கிறார்கள். நியூத்திரன் மூன்றாவது. செக்கனுக்கு ஓர் இலட்சம் என்றால் ஒரு மீற்றர் தள்ளி மணிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோசீவேற்று (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), இயற்கையாக நம்மேல் படுவதைப்போல் நான்கு மடங்கு. தூரம் கூடினால் வேகமாகக் குறையும். இலங்கையில் கதிர்வீச்சு உண்டாக்கும் கருவிகள் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அனுமதி பெறாமல் தொடக்கூடாது.

புல்மோட்டை மண்ணில தோரியம் இருக்கே, அது இதுக்கு உதவாதா?

உதவாது. அந்த மண்ணிலுள்ள மொனசைற்று என்ற கனிமத்தில் தோரியம் உண்டு, ஆனால் தோரியம் பிளவுப் பாதைக்குரியது. முதல் பதிலைப் பாருங்கள்.

இப்ப கம்பனிகள் சின்ன இணைவு உலை செய்யப் போறாங்களாம். நீங்க ஏலாது எண்டுறீங்க?

அந்தச் 'சின்ன' வேறு, இந்தச் 'சின்ன' வேறு. கொமன்வெல்த் ஃபியூஷன் நிறுவனத்தின் ஸ்பார்க் கருவி, பல நாடுகள் சேர்ந்து பிரான்சில் கட்டும் 23,000 தொன் இணைவுக் கருவியான ஈற்றரோடு ஒப்பிட்டால்தான் சின்னது, மேசையில் வைக்க முடியாது. புதுவகை மீகடத்திகள் (தடையே இல்லாமல் மின்னைக் கடத்தும் பொருட்கள்) பலமான காந்தப்புலம் தருவதால் கருவியைச் சுருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அது கட்டிவைக்கும் பிரச்சினைக்கு நேரான பதில், அதனால் மதிக்கிறேன். எந்த ஆண்டில் மின்சாரம் வரும் என்ற விளம்பரங்களை நம்புவதில்லை.

2022 டிசம்பர் 5இல் நடந்த லேசர் பரிசோதனையையும் சரியாகப் படியுங்கள். இலக்குக்குப் போனது 2.05 மெகாயூல், வந்தது 3.15. பெரிய சாதனை. ஆனால் அந்த லேசர்களை ஓட்ட மின்வழங்கலிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாயூல்.

மட்டக்களப்பில இருந்துகொண்டு இப்பவே ஏதும் செய்யலாமா சேர்?

செய்யலாம். செக் நாட்டில் பிராகா நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கோலெம் என்ற சிறிய டோக்கமாக், அதாவது பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளைய வடிவில் கட்டி வைக்கும் கருவி, இருக்கிறது. 1960களில் மாஸ்கோவில் கட்டியது, இன்றும் ஓடுகிறது. வெளிநாட்டு மாணவர்கள் இணையம் வழியாக அதை இயக்க இடம் கொடுக்கிறார்கள். வாயு எவ்வளவு, காந்தப்புலம் எவ்வளவு என்று நீங்கள் தெரிவுசெய்தால், அங்கே சில மில்லிசெக்கன் பிளாஸ்மா எரியும், அளவீடுகள் உங்கள் திரைக்கு வரும். அதில் இணைவு நடப்பதில்லை, ஆனால் பிளாஸ்மாவைக் கட்டி வைக்கும் போராட்டம் கண்முன்னே தெரியும். ஆசிரியர் ஒருவர் முன்கூட்டியே எழுதி ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதற்குமுன் வரைபு வாசிக்கப் பழகுங்கள். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சாடி, பம்பி, எண்ணி மூன்றும் மேசையில் இருக்கும். எண்ணியைத் தகரப் பேணிக்குள் வைத்தும் வெளியே வைத்தும் பத்துப் பத்து நிமிடம் எண்ணி எழுத விரும்புகிறவர்கள் ஒரு கொப்பியோடு வாருங்கள்.